புராஜெக்ட் முடிந்ததா? இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கிறது!

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. இன்டர்நெட் இணைப்பும் கொடுத்தாகிவிட்டது. "பிள்ளை படிப்புக்காகத்தான் வாங்கினேன்" என்று அப்பா பக்கத்து வீட்டில் சொல்லியும் விட்டார். மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் வாரம் கேம்ஸ், இரண்டாவது வாரம் சினிமா. மூன்றாவது வாரம் பள்ளியிலோ கல்லூரியிலோ ஒரு புராஜெக்ட் கொடுக்கிறார்கள். போஸ்டர் வரைய வேண்டும், அல்லது கட்டுரை எழுத வேண்டும், அல்லது ஒரு வெப் பக்கம் செய்ய வேண்டும்.

இந்த மூன்றையுமே வீட்டுக் கம்ப்யூட்டரில் காசு செலவில்லாமல் செய்துவிடலாம். எப்படி என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். ஆனால் அதைவிட முக்கியமான நான்காவது வேலை ஒன்று இருக்கிறது. செய்து முடித்ததைப் பற்றி, செய்தவரே ஒரு பக்கம் எழுதி வைப்பதுதான் அது. பெரும்பாலான மாணவர்கள் இதைச் செய்வதில்லை. செய்தவர்களுக்கோ அந்த ஒரு பக்கம் பல வருடங்கள் கைகொடுக்கிறது.

ஏன் இது அவசியம்?

கல்லூரி புராஜெக்ட்டை ரெடிமேடாக விற்கும் கடைகள் நம் ஊரில் பல வருடங்களாக உண்டு. பணம் கட்டினால் சிடியும் பைண்ட் செய்த ரிப்போர்ட்டும் கையில் வந்துவிடும். இப்போது கடைக்குக்கூடப் போக வேண்டாம். செயற்கை நுண்ணறிவு சாப்ட்வேரில் ஒரு வரி டைப் செய்தால் படமும் வருகிறது, கட்டுரையும் வருகிறது, வெப் பக்கமும் வருகிறது.

அப்படியானால் சொந்தமாக ஏன் செய்ய வேண்டும்? நியாயமான கேள்வி. சாப்ட்வேர் துறையில் வேலைக்கு வரும் புதியவர்களை நேர்முகத் தேர்வில் பார்க்கும் எனக்குத் தெரிந்த பதில் இதுதான். ஒருவர் கொண்டுவரும் பைலை நாங்கள் சில நிமிடங்கள்தான் பார்க்கிறோம். அதன்பிறகு கேட்பதெல்லாம் ஒரே மாதிரியான கேள்விகள். "இந்தக் கலரை ஏன் எடுத்தீர்கள்?", "இதை ஏன் இந்த இடத்தில் வைத்தீர்கள்?", "வேறு எப்படிச் செய்து பார்த்தீர்கள்?" சொந்தமாகச் செய்தவர் சாதாரணப் படத்தை வைத்துக்கொண்டே பத்து நிமிடம் பேசுவார். விலைக்கு வாங்கியவர் பிரமாதமான படத்தை வைத்துக்கொண்டு மேஜையைப் பார்ப்பார். படிப்பின் பலன் பைலில் இல்லை. அதைச் செய்யும்போது எடுத்த முடிவுகளில் இருக்கிறது.

இரண்டு மாணவர்கள் செய்தது

மாணவர் புராஜெக்ட் என்றால் மார்க் வாங்கியதும் தூக்கிப் போடுவது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள், 1995-இல் படங்களைத் திருத்தும் ஒரு சாப்ட்வேரை எழுதத் தொடங்கினார்கள். 1996-இல் அதை எல்லோருக்கும் வெளியிட்டார்கள். அதன் புரோகிராம் வரிகளையும் திறந்தே வைத்தார்கள். அவர்கள் படிப்பு முடிந்து போன பிறகும் வேறு ஆட்கள் அதை எடுத்து வளர்த்தார்கள். அதுதான் இன்று நாம் இலவசமாகப் பயன்படுத்தும் 'கிம்ப்'. அதன் 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வந்தது.

ஓர் எழுத்தாளர் செய்தது

"எனக்குக் கதை, கவிதைதான் வரும், கம்ப்யூட்டர் வராது" என்பவர்களுக்கு இன்னொருவரைச் சொல்கிறேன். சிங்கப்பூரைச் சேர்ந்த நா. கோவிந்தசாமி (1946-1999) ஒரு சிறுகதை எழுத்தாளர், தமிழாசிரியர். எஞ்சினியர் அல்ல. ஆனால் தமிழ் எழுத்து கம்ப்யூட்டர் திரையில் வர வேண்டும் என்பதற்காகத் தானே கற்றுக்கொண்டு 'கணியன்' என்ற மென்பொருளை உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் இன்டர்நெட்டில் ஏற்றப்பட்டபோது, தமிழ்ப் பகுதி வரக் காரணமாக இருந்தவர் அவர். இன்டர்நெட்டில் வந்த முதல் தமிழ்ப் பக்கங்களில் அவையும் அடங்கும். எழுத்து, எழுத்தின் வடிவம், வெப் பக்கம் ஆகிய மூன்றும் ஒரே வேலையின் மூன்று பக்கங்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

சரி, நாமும் ஒன்றைச் செய்து பார்ப்போம்

படம், எழுத்து, வெப் பக்கம் என்று மூன்று தனித்தனிப் புராஜெக்ட்டாகச் செய்யாமல், ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்டு மூன்றையும் செய்யுங்கள். விஷயம் உங்கள் ஊரிலேயே இருக்கட்டும். அப்போதுதான் நேரில் போய்ச் சரிபார்க்க முடியும்.

உதாரணத்துக்கு ஆவடியில் இருக்கும் ஒரு மாணவி 'எங்கள் ரயில் பாதை' என்று ஒரு வெப் பக்கம் செய்வதாக வைத்துக்கொள்வோம். வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி என்று ஏழு நிலையங்கள். தினமும் பார்க்கும் பாதைதான். பூந்தமல்லி மாணவர்கள் இதேபோல் ஒரு பஸ் ரூட்டை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் வேலை: படம்

முதலில் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் பென்சிலால் பாதையை வரையுங்கள். எதைக் காட்டுவது, எதை விடுவது என்று முடிவு செய்யுங்கள். லண்டன் பாதாள ரயில் வரைபடத்தை 1931-இல் வரைந்த ஹாரி பெக் ஒரு வரைவாளர். நிலத்தில் உள்ளபடி வளைவுகளையும் தூரங்களையும் காட்டாமல் எல்லாவற்றையும் நேர்க்கோடுகளாக்கினார். பயணிக்கு வேண்டியது அடுத்த நிலையம் எது, எங்கே மாற வேண்டும் என்பதுதானே! 1933-இல் அச்சாகி வந்த அந்த முறையைத்தான் உலகின் பல மெட்ரோ ரயில் வரைபடங்கள் இன்றும் பின்பற்றுகின்றன. நல்ல படம் என்பது எல்லாவற்றையும் வரைவது அல்ல. வேண்டாததை விடுவது.

இனி கிம்ப் சாப்ட்வேரைத் திறந்து, பைல் மெனுவில் நியூ கொடுத்து, அகலம் 1200 பிக்சல், உயரம் 400 பிக்சல் என்று அமையுங்கள். ஏழு நிலையங்களைச் சம தூரத்தில் வைக்க ஒரு சின்னக் கணக்கு. இடப்பக்கம் 120 பிக்சல் விட்டு முதல் புள்ளி. பிறகு 160 பிக்சலுக்கு ஒரு புள்ளி. ஏழாவது புள்ளி 1080-இல் வரும். வலப்பக்கமும் 120 மிஞ்சும். நேர்க்கோடு போட, பென்சில் கருவியால் தொடக்கத்தில் ஒரு கிளிக் செய்து, ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு முடிவில் ஒரு கிளிக் செய்தால் போதும்.

முக்கியமான விஷயம் லேயர். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கோடு ஒரு லேயரில், புள்ளிகள் ஒரு லேயரில், பெயர்கள் ஒரு லேயரில் இருக்கட்டும். பெயரை நகர்த்தினால் கோடு கெடாது.

படத்தைச் சேவ் செய்தால் எக்ஸ்.சி.எஃப். என்ற வகைப் பைலாகப் பதியும். லேயர்கள் எல்லாம் அதில் பத்திரமாக இருக்கும். இதுதான் மூலப் பைல். இதை ஒருபோதும் அழிக்காதீர்கள். வெப் பக்கத்தில் போடுவதற்கு, எக்ஸ்போர்ட் என்ற கட்டளை மூலம் பி.என்.ஜி. பைலாக எடுத்துக்கொள்ளுங்கள். கோடும் எழுத்தும் உள்ள படத்துக்கு பி.என்.ஜி. நல்லது. கேமராவில் எடுத்த போட்டோவுக்கு ஜேபெக் நல்லது. ஜேபெக்கில் கோட்டின் ஓரங்கள் மங்கும். திறந்து திறந்து சேவ் செய்தால் தரமும் குறையும்.

இரண்டாவது வேலை: எழுத்து

விண்டோஸில் தமிழ் டைப் செய்ய இப்போது தனிச் சாப்ட்வேர் தேவையில்லை. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேருங்கள். 2019 மே மாத விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து 'தமிழ் 99' கீபோர்டும், ஆங்கில எழுத்தில் உச்சரிப்புப்படி தட்டும் கீபோர்டும் உள்ளேயே கிடைக்கின்றன. விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மொழி மாறும். புதிதாகக் கற்பவர்கள் தமிழ் 99 பழகுவது நல்லது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் இருப்பதால் வேகம் வரும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டின் வழியாக வந்த முறை இது.

எந்த முறையில் தட்டினாலும் அது யூனிகோடு ஆக இருக்க வேண்டும். வீட்டில் பழைய சிடியில் கிடக்கும் பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த கட்டுரை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் அடித்தது உங்கள் மொபைலிலும் நண்பரின் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும்.

கட்டுரைக்கு விஷயம் சேர்க்கும்போது வருடத்தைச் சரிபாருங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தப் பாதை ஆவடி வழியாகத்தான் போகிறது. கட்டுரைக்கு நல்ல தொடக்கம். அடுத்து, அம்பத்தூர் எந்த மாவட்டம்? இன்டர்நெட்டில் சில பக்கங்கள் திருவள்ளூர் என்கும், சில பக்கங்கள் சென்னை என்கும். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. ஆனால் சென்னை மாவட்டத்துடன் இணைந்தது 2018-இல்தான். இடைப்பட்ட ஏழு வருடங்களில் மாநகராட்சி சென்னை, மாவட்டம் திருவள்ளூர்! ஆவடியோ 2019-இல் தனி மாநகராட்சி ஆனது. எந்தப் பக்கம் எந்த வருடத்தில் எழுதப்பட்டது என்று பார்க்காமல் காப்பி-பேஸ்ட் செய்பவர் இங்கேதான் மாட்டிக்கொள்வார்.

படங்களையும் கண்ட இடத்திலிருந்து எடுக்காதீர்கள். தேடலில் கிடைப்பதெல்லாம் இலவசம் அல்ல. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவாக ஒருவருடைய எழுத்துக்கும் ஓவியத்துக்கும் அவர் வாழ்நாளும், இறந்தபின் 60 வருடமும் உரிமை உண்டு. நீங்கள் வரைந்த படத்துக்கும் அதே உரிமை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது வேலை: வெப் பக்கம்

இதற்கு விலை உயர்ந்த சாப்ட்வேர் தேவை என்று பலர் நினைக்கிறார்கள். விண்டோஸில் உள்ள நோட்பேடே போதும். இன்டர்நெட் இணைப்புகூட வேண்டாம்.

1. டெஸ்க்டாப்பில் ஒரு போல்டர் உருவாக்குங்கள். பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி விடாமல் கொடுங்கள். படத்தையும் இதே போல்டரில் போடுங்கள்.

2. நோட்பேடைத் திறந்து எச்.டி.எம்.எல். கட்டளைகளைத் தட்டுங்கள். தொடங்க நான்கு போதும். தலைப்புக்கு ஒன்று, பத்திக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று, இணைப்புக்கு ஒன்று. ஒவ்வொரு கட்டளையும் இரண்டு கூர் அடைப்புக்குறிகளுக்குள் வரும்.

3. சேவ் செய்யும்போது பைல் வகையில் 'ஆல் பைல்ஸ்' என்பதையும், என்கோடிங்கில் யூ.டி.எஃப்.-8 என்பதையும் தேர்ந்தெடுங்கள். பைல் பெயர் எச்.டி.எம்.எல். என்று முடிய வேண்டும். யூ.டி.எஃப்.-8 இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறலாம்.

4. இப்போது அந்தப் பைலை டபுள் கிளிக் செய்யுங்கள். உங்கள் பக்கம் பிரவுசரில் திறக்கும்.

அழகுபடுத்த சி.எஸ்.எஸ். என்ற மொழி இருக்கிறது. தமிழுக்கென்று ஒரு குறிப்பு. நம் எழுத்துகளில் 'கி' மேலே ஏறும், 'கூ' கீழே இறங்கும். எனவே வரிகளுக்கு இடையே சற்று அதிக இடம் விடுங்கள். எழுத்தின் உயரத்தைப்போல் 1.6 மடங்கு வைத்தால் படிக்கச் சுகமாக இருக்கும். எழுத்துருவுக்கு கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ் எழுத்துருக்களைப் பாருங்கள். அதில் உள்ள 'பவனம்', 'கவிவனார்' இரண்டையும் வடிவமைத்தவர் இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ். 'கவிவனார்' சாய்ந்த கையெழுத்துப் பாணியில் இருக்கும். தலைப்புக்குச் சரி, நீண்ட கட்டுரைக்குச் சரிவராது. ஏன் என்று இரண்டிலும் ஒரு பத்தியைப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

நான்காவது வேலை: அந்த ஒரு பக்கம்

மூன்றும் முடிந்த அன்றே, ஞாபகம் பசுமையாக இருக்கும்போதே, ஒரு புதிய பைலைத் திறந்து கீழ்க்கண்ட ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

1. முதலில் என்ன செய்ய நினைத்தேன்?
2. எதை விட்டேன்? ஏன்?
3. எங்கே மாட்டிக்கொண்டேன்? எப்படித் தாண்டினேன்?
4. எதை யாரிடமிருந்து எடுத்தேன்?
5. மறுபடி செய்தால் எதை மாற்றுவேன்?

நமது ஆவடி மாணவி எழுதினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

"ஏழு நிலையங்களையும் ஒரே கோட்டில் காட்ட நினைத்தேன். பாதையின் வளைவுகளையும் சாலைகளையும் விட்டுவிட்டேன். ரயிலில் போகிறவருக்கு அவை தேவையில்லை. 'திருமுல்லைவாயில்' என்ற பெயர் 160 பிக்சலில் அடங்காமல் பக்கத்துப் பெயரோடு மோதியது. எழுத்தைச் சிறிதாக்கினேன், படிக்க முடியவில்லை. பிறகு பெயர்களை ஒன்றுவிட்டு ஒன்று கோட்டுக்கு மேலும் கீழுமாக வைத்தேன். இடம் இரண்டு மடங்கானது. கம்ப்யூட்டரில் அழகாக இருந்தது. அம்மாவின் மொபைலில் திறந்தபோது பெயர்கள் எறும்பு மாதிரி தெரிந்தன. 1200 பிக்சல் படம் 360-ஆகச் சுருங்கியதில், 24 பிக்சல் எழுத்து 7 ஆகிவிட்டது. எனவே கோட்டை நிமிர்த்தி, வில்லிவாக்கத்தை மேலேயும் ஆவடியைக் கீழேயும் வைத்து வரைந்தேன். லேயர்கள் தனித்தனியாக இருந்ததால் அரை மணி நேரத்தில் முடிந்தது. தலைப்பை மட்டும் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டேன். அது கொடுத்த பத்தில் ஒன்றுகூட எங்கள் ஊர்ப் பேச்சாக இல்லாததால் நானே வைத்தேன். மறுபடி செய்தால் முதலில் மொபைல் அளவுக்கு வரைந்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குவேன்."

இதில் அலங்கார வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனால் வடிவமைப்புப் பாடத்தில் சொல்லித்தரும் விஷயங்கள் நான்கைந்து இதில் இருக்கின்றன. தேவையற்றதை விடுதல், இடத்தைப் பங்கிடுதல், படிப்பவரின் திரையை நினைத்தல், மூலப் பைலைக் காத்தல். நேர்முகத் தேர்வில் "ஏன் இப்படி வரைந்தாய்?" என்று கேட்டால் இவளுக்கு யோசிக்கவே வேண்டாம். உதவி வாங்கியதை ஒளிக்கவும் இல்லை. நான்காவது கேள்வி அதற்காகத்தான். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது குற்றம் அல்ல. அது கொடுத்ததில் எதை எடுத்தோம், எதைத் தள்ளினோம் என்று சொல்ல முடியாமல் இருப்பதுதான் ஆபத்து.

தொலைந்து போகாமல் இருக்க

ஒரு காலத்தில் ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளத்தில் உலகம் முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் சொந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். அதை வாங்கிய யாஹூ நிறுவனம் 2009 அக்டோபரில் மூடியது. வீட்டில் காப்பி வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். எனவே வெப் பக்கத்தை கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடத்தில் ஏற்றினாலும், முழு போல்டரையும் பென் டிரைவ் ஒன்றிலும் வையுங்கள். எக்ஸ்.சி.எஃப். மூலப் பைல், யூனிகோடு கட்டுரை, வெப் பக்கம், அந்த ஒரு பக்கக் குறிப்பு ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் ஒரு முழுப் புராஜெக்ட். போல்டர் பெயரில் வருடத்தையும் மாதத்தையும் சேர்த்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துத் தேடும்போது உங்களுக்கே நன்றி சொல்வீர்கள்.

கொஞ்சம் பழகிய பிறகு மற்றவர்களோடு சேர்ந்தும் செய்யலாம். ஃப்ரீதமிழ்இபுக்ஸ் என்ற திட்டம் 2013 முதல் தமிழ் மின்னூல்களை இலவசமாக வெளியிட்டு வருகிறது. எழுத்தாளர் அனுமதி கொடுத்த நூலுக்கு ஒருவர் அட்டைப்படம் செய்வார், ஒருவர் மின்னூலாக மாற்றுவார். எல்லாம் தன்னார்வலர்கள். படம், எழுத்து, வெப் டிசைன் என்று நீங்கள் வீட்டில் கற்ற மூன்றுக்கும் அங்கே வேலை இருக்கிறது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை புராஜெக்ட்டைக் காட்டினால் "எத்தனை மார்க்?" என்று மட்டும் கேட்டு விடாதீர்கள். "இதில் எதை விட்டாய், ஏன் விட்டாய்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் வந்தால், தவணை கட்டி வாங்கிய கம்ப்யூட்டர் படிப்புக்குப் பயன்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த விடுமுறையில் உங்கள் ஊர்ப் பாதை ஒன்றை எடுத்து வரையத் தொடங்குங்கள். தாளும் பென்சிலும்தான் முதல் சாப்ட்வேர்!